மருந்தென்று எண்ணாத குளிசை

குளிசைப் போத்தலை அரிசி வாளிக்குள் வைத்தேன். வீட்டில் அலுமாரி இருந்தது. மாதா சுரூபத்துக்குப் பின்னால் இடமும் இருந்தது. ஆனால் அங்கெல்லாம் மச்சாளின் கை போகும். மச்சாள் என் கணவரின் அக்கா, பக்கத்து வீடு. அவர் எங்கள் கதவைத் தட்டிக்கொண்டு வந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. சீனி முடிந்தால் நேரே குசினிக்குள் வந்து எடுத்துக்கொண்டு போவார். ஊசி நூல் வேண்டுமென்றால் அலுமாரியைத் திறப்பார். அரிசி மட்டும் அவர் வீட்டில் எப்போதும் தாராளமாக இருந்தது.

நாளுக்கு ஒரு குளிசை, மூன்று மாதம். இரத்தத்தில் இருந்துகொண்டு ஈரலைக் கெடுக்கிற ஒரு கிருமிக்கான மருந்து அது. ஹெபடைடிஸ் சி என்றார் டொக்டர். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த டொக்டரின் வயதுதான் இருக்கும். என் ஈரல் இறுகத் தொடங்கிவிட்டது, ஆனால் இன்னும் காலம் கடந்து போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போத்தலை என் கையில் வைத்தார்.

“அம்மா, இது கிடைச்சது பெரிய காரியம். கொழும்பிலையிருந்து உங்களுக்கெண்டு வந்திருக்கு. ஒருநாளும் விடக்கூடாது. மருந்து உடம்பிலை குறைஞ்சால் கிருமி தப்பிப் போயிடும். தப்பின கிருமிக்குப் பிறகு இந்தக் குளிசை கேக்காது. அப்ப என்ன செய்யிறதெண்டு எனக்கும் சொல்லத் தெரியாது.”

நான் “ஓம்” என்றேன். பெரிய டொக்டர்மாருக்கு முன்னால் எனக்கு ஓம் என்பதைத் தவிர வேறு சொல் வராது. சின்ன டொக்டருக்கு முன்னாலும் வராது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இந்தக் கிருமி என்னிடம் இருப்பது தெரியவந்ததும் மச்சாளால்தான். கோயில் திருநாளை ஒட்டி மண்டபத்தில் இரத்ததான முகாம் வைத்தார்கள். குருநகரில் எங்கள் ஒழுங்கையில் இருந்து பலர் போனார்கள். நான் போகிற எண்ணத்தில் இருக்கவில்லை. மச்சாள் வந்து கையில் பிடித்து இழுத்தார்.

“வாடி. என்ரை மனிசன் உனக்குத் தந்ததை நீ ஆருக்கும் திருப்பிக் குடுக்க வேண்டாமோ?”

அது எங்கள் வீட்டுப் பழைய கதை. என் மூத்தவன் பிறந்தது சண்டைக் காலத்தில். பிள்ளை பிறந்த பிறகு எனக்கு இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்துவைத்த இரத்தம் என்று எதுவும் அப்போது இல்லை, சொந்தக்காரர் ஓடி வந்து கொடுக்க வேண்டும். மச்சாளின் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கடலால் வந்த கையோடு சாரத்தில் உப்புக் காயாமல் சைக்கிளில் போய்க் கொடுத்தார். வேறும் இரண்டு மூன்று பேர் கொடுத்தார்கள். ஆனால் கதையில் அண்ணை மட்டுமே மிஞ்சினார். “என்ரை மனிசன்ரை ரத்தம் உவளுக்குள்ளை ஓடுது” என்பதை மச்சாள் கலியாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போது நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிலத்தைப் பார்ப்பேன். உள்ளுக்குள் அது எனக்குப் பிடிக்கும்.

அண்ணை செத்துப் பல வருடம். கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, கடைசியில் ஆளையே அடையாளம் தெரியாமல் கிடந்து செத்தார். குடிதான் கொண்டுபோனது என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னது. அவர் குடித்தார். மற்ற ஆம்பிளைகள் குடித்த அளவுதான்.

முகாமுக்குப் போய்வந்து சில கிழமை கழித்து, என்னை வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். திரும்பவும் சோதித்தார்கள். முன்பு இரத்தம் ஏற்றியதுண்டோ என்று டொக்டர் கேட்டார், நான் பிள்ளைப்பேற்றில் ஏற்றியதைச் சொன்னேன். அந்தக் காலத்தில் இந்தக் கிருமியைச் சோதிக்கிற வழி இங்கே இருக்கவில்லை என்றார். இரத்தத்தால்தான் வந்ததென்றும் அடித்துச் சொல்லேலாது, ஊசியாலும் வந்திருக்கலாம், யாரால் வந்தது என்று தேடுவதில் பயன் இல்லை என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அண்ணையின் மஞ்சள் கண்தான் தெரிந்தது.

என் கணவரையும் சோதித்தார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “அக்காவுக்குச் சொல்லாதை. அவள் தாங்கமாட்டாள்,” என்றார். சொல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து நான் செய்துவருவது அதுதான்.

முதல் சில நாள் குளிசை ஒன்றும் செய்யவில்லை. பிறகு தலையிடி வந்தது. வலைக் கயிற்றை நெற்றியில் சுற்றி யாரோ பின்னால் நின்று இழுப்பதுபோல இருந்தது. கிணற்றில் இருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர, நடுவில் வாளியை வைத்துவிட்டு நிற்க வேண்டியிருந்தது. படுத்தால் நித்திரை வரவில்லை. எல்லாவற்றையும்விட மோசம் ஓங்காளம்.

காலையில் வள்ளம் வந்ததும் நண்டு வலையை வாடிக்குக் கொண்டுவருவார்கள். வாடி என்றால் நாலு மரமும் மேலே தகரமும்தான். அங்கே நானும் மச்சாளும் எதிரெதிரே குந்தியிருந்து, வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றுவோம். நண்டு உயிரோடும் கால் முறியாமலும் வரவேண்டும். அந்த வலையில் ஏறி வரும் சேற்று மணம் நான் பிறந்ததிலிருந்து என் மூக்கில் இருக்கிறது. அது ஒரு மணம் என்பதே அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. நண்டொன்றைக் கழற்றுவதும், வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிக் கரைக்கு ஓடுவதுமாக இருந்தேன்.

கிளினிக்கில் தாதி எனக்கு முன்கூட்டியே சொல்லித்தான் விட்டிருந்தார். தலையிடி, களைப்பு, ஓங்காளம் வரலாம், பயப்பட வேண்டாம், தாங்கேலாமல் போனால் இந்த நம்பருக்கு எடுங்கோ என்று. ஒருநாள் எடுத்தேன். அந்தப் பக்கம் “ஹலோ” என்ற குரல் கேட்டதும் வெட்டிவிட்டேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. குளிசையை விட்டால் இது எல்லாம் நின்றுவிடும் என்பதும் தெரியும். விட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ஒவ்வொரு காலையும் அரிசி வாளிக்குள் கையை விடும்போது இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

மூன்றாம் முறை நான் கரைக்கு ஓடித் திரும்பிய ஒருநாள் மச்சாள் கையில் இருந்த நண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எடியே, என்ன இது? திரும்பவும் தொட்டில் கட்டவேணுமோ?”

“சும்மா இருங்கோ மச்சாள்.”

“என்ரை தம்பி விடியமுன்னம் கடலுக்குப் போறான் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். பேரப்பிள்ளை காணுற வயசிலை எனக்கு இன்னொரு மருமகனோ?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்காளமும் வந்தது. திரும்பவும் ஓடினேன். வந்தபோது அவர் சிரிப்பை விட்டிருந்தார்.

“வயித்தெரிவு இருக்கோ?”

“கொஞ்சம்.”

“அப்ப காஸ்ட்ரிக். உனக்கு முழுக்கக் காஸ்ட்ரிக்தான். நீ காலமை வெறும் தேத்தண்ணியோடை வந்து குந்துறாய், வேறை என்ன வரும்?” மடியில் இருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்து, ஒன்றை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். “வெறும் வயித்திலை போடு. போட்டிட்டுத் தேத்தண்ணியைக் குடி.”

“வேண்டாம் மச்சாள். மருந்து கண்டபடி...”

“இது மருந்தில்லையடி. இது எல்லாரும் போடுறது.”

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஒழுங்கையில் காஸ்ட்ரிக் குளிசை போடாத வீடு இல்லை. விடிந்ததும் முகம் கழுவி, செபம் சொல்லி, ஒரு குளிசை போட்டு, தேத்தண்ணி குடிப்பார்கள். கலியாண வீட்டுப் பந்தியில் இருந்து எழும்புகிறவர் பக்கத்தில் இருப்பவரிடம் “ஒண்டு வச்சிருக்கிறியோ?” என்று கையை நீட்டுவார். என்ன என்று யாரும் கேட்பதில்லை. மருந்தென்றால் ஆஸ்பத்திரியில் தருவது, நோய்க்குப் போடுவது. இது அப்படி இல்லை. இதைப் போடுகிறவரை யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. போட்டேன்.

அது கேட்டது. வயிற்றெரிவு அடங்கியது, ஓங்காளமும் பாதியாய்க் குறைந்தது. நான் கரைக்கு ஓடுவது நின்றதைப் பார்த்து மச்சாளுக்கு முகமெல்லாம் வெளிச்சம். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் தேயிலைப் பேணியின் மூடியில் ஒரு குளிசை இருக்கும். எப்போது வந்து வைத்தார் என்றே தெரியாது. நான் முதலில் அதைப் போடுவேன். தேத்தண்ணி குடித்துவிட்டு, அரிசி வாளிக்குள் கையை விட்டு மற்றதைப் போடுவேன். இனி மூன்று மாதத்தையும் ஓட்டிவிடலாம் என்று முதல் முறையாக நம்பினேன்.

தலையிடியும் களைப்பும் மட்டும் போகவில்லை. களைத்த கை நண்டுக்குத் தெரியும் போலிருக்கிறது. ஒருநாள் பெரிய நண்டொன்று என் பெருவிரலின் அடியைப் பற்றிக்கொண்டது. இழுத்து எடுத்தபோது தோல் கிழிந்து இரத்தம் வலையில் சொட்டியது.

வாடியில் இது புதிய விசயம் இல்லை. யாருக்காவது வெட்டினால் எதிரே இருப்பவர் தன் விரலால் காயத்தை அமத்திப் பிடிப்பார், இரத்தம் நின்றதும் இரண்டு பேரும் வேலையைத் தொடர்வார்கள். அப்படித்தான் மச்சாள் வலைக்கு மேலால் எட்டி என் கையைப் பிடிக்க வந்தார். அவரது விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நண்டின் ஓடும் வலை நூலும் கிழித்த புதுக் கீறல்.

“தொடாதேங்கோ!”

நான் கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தள்ளிப் போய், சேலைத் தலைப்பால் விரலைச் சுற்றினேன். வலையில் சொட்டிய இடத்தை ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மச்சாளின் கை நீட்டியபடியே நின்றது.

“என்னடி? என்ரை கை உனக்கு ஊத்தையாப் போச்சோ?”

“அப்பிடி இல்லை மச்சாள்.”

“என்ரை மனிசன்ரை ரத்தம் உனக்குள்ளை ஓடேக்கை ஊத்தை இல்லை. இப்ப நான் தொட்டால் ஊத்தை.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது “அப்பிடி இல்லை” என்ற அதே சொல்தான். அவர் எழும்பிப் போய்விட்டார். அதன்பிறகு சில நாள் என்னோடு கதைக்கவில்லை. வலைக்கு முன்னால் எதிரே இருக்காமல் பக்கவாட்டில் இருந்தார். ஆனால் தேயிலைப் பேணியின் மூடியில் குளிசை மட்டும் நாள் தவறாமல் இருந்தது. கோபம் இருந்தாலும் அதை வைத்தாரே என்று எனக்கு அழுகை வந்தது. அந்தக் குளிசையை வேண்டாமென்று விட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

முதல் மாதத்துப் போத்தல் முடிகிற நேரம் கிளினிக் நாள் வந்தது. என் கணவர் கடலில். சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியே போய்வர நினைத்திருந்தேன். படலையைத் திறந்து ஓட்டோவில் ஏறக் காலைத் தூக்கியபோது தலை சுற்றியது. ஓட்டோவின் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். மச்சாள் தன் வீட்டு வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். விறுவிறென்று வந்து, என்னை உள்ளே தள்ளி, பக்கத்தில் ஏறி இருந்தார்.

“எங்கை போறாய்?”

“சந்தைக்கு.”

“வெறுங்கையோடை சந்தைக்குப் போறவளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். தம்பி, ஆஸ்பத்திரிக்கு விடு,” என்றார் ஓட்டோக்காரரிடம்.

அவர் என்னை எங்காவது ஒரு டொக்டரிடம் காட்டிவிடுவது என்ற முடிவில் இருந்தார். வாசலில் இறங்கியதும் என் கால் தானாகக் கிளினிக் பக்கம் திரும்பியது. அவர் ஒன்றும் கேட்காமல் என் பின்னால் வந்தார். “நீங்கள் இஞ்சை வாங்கிலை இருங்கோ, நான் போயிட்டு வாறன்” என்றேன். “நீ விழுந்தால் ஆர் தூக்கிறது?” என்றார். என்னைக் கூப்பிட்டபோது என் பையைத் தன் தோளில் கொழுவிக்கொண்டு அவரும் உள்ளே வந்துவிட்டார்.

டொக்டர் தலையிடியைப் பற்றிக் கேட்டார். கொஞ்சம் என்றேன். களைப்பு? கொஞ்சம். நித்திரை? பரவாயில்லை. எனக்குப் பின்னால் மச்சாள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

“வேறை மருந்து ஏதும் பாவிக்கிறியளோ?”

“இல்லை.”

அதை நான் ஒளித்துச் சொல்லவில்லை. என் மனதில் வேறு மருந்து எதுவும் இருக்கவில்லை.

டொக்டர் எழுதிக்கொண்டே, “காஸ்ட்ரிக்குக்கு ஒண்டும் போடேல்லைத்தானே?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து குரல் வந்தது. “ஏன் போடாமல்? நான்தான் குடுக்கிறனான் டொக்டர். காலமை காலமை வெறும் வயித்திலை. இல்லாட்டி இவள் சத்தி எடுத்தே செத்திருப்பாள்.” பெருமையோடு மடியில் இருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

டொக்டர் பேனையை வைத்தார். அட்டையைத் திருப்பிப் பேரை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இவ உங்களுக்கு என்ன முறை?”

“மச்சாள்.”

“இவவுக்கு முன்னாலை நான் எல்லாம் கதைக்கலாமோ? இல்லாட்டி வெளியிலை இருக்கட்டுமோ?”

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தது குறைவு. மச்சாளை வெளியே அனுப்பினால் அண்ணையின் கதை அப்படியே இருக்கும். ஆனால் நாளைக் காலை தேயிலைப் பேணியின் மூடியில் ஒரு குளிசை இருக்கும். நாளை மறுநாளும் இருக்கும். எனக்கு வேண்டாமென்று சொல்ல வராது என்பது எனக்குத் தெரியும்.

“கதையுங்கோ,” என்றேன்.

டொக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என்னுடைய குளிசை கரைந்து உடம்பில் சேர வயிற்றில் புளிப்பு வேண்டும். காஸ்ட்ரிக் குளிசையோ அந்தப் புளிப்பையே நிறுத்துவது. அதை முதலில் போட்டுவிட்டு இதைப் போட்டால், விழுங்கிய மருந்தில் எவ்வளவு இரத்தத்துக்குப் போனது என்று சொல்ல முடியாது என்றார்.

“அப்ப... கிருமி தப்பியிருக்குமோ?” என்று கேட்டேன்.

“தெரியாது அம்மா. இண்டைக்கு ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புறன். வந்தால்தான் தெரியும். அதுவரைக்கும் உங்கடை குளிசையை ஒருநாளும் விடாமல் போடுங்கோ. இதை இண்டையோடை நிப்பாட்டுங்கோ.”

“என்ன கிருமி?” மச்சாளின் குரலில் பெருமை போய்விட்டிருந்தது.

டொக்டர் திரும்பவும் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஈரலைப் பிடிக்கிற கிருமி, இரத்தத்தோடு இரத்தம் சேர்ந்தால் வருவது, ஒரே கோப்பையில் சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது என்று சொன்னார். பிள்ளைப்பேற்றில் ஏற்றிய இரத்தத்தால் வந்திருக்கலாம் என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மச்சாளுக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் மர வாங்கின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பை இன்னும் தோளில். நான் பக்கத்தில் இருந்தேன். ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

“கண் மஞ்சளாகும், வயிறு ஊதும். என்ன?” என்றார்.

“முத்தினால் அப்பிடித்தான் எண்டினம்.”

“அதுதான் அண்டைக்குக் கையை இழுத்தனி.”

“ஓம்.”

பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி, “நான் அந்த மனிசனைச் சாகக் கிடக்கேக்கையும் ஏசினனான்,” என்றார். “குடிச்சுக் குடிச்சு வயித்தை ஊதவைச்சனி, இனிக் கிட எண்டு. அவர் ஒண்டும் சொல்லேல்லை.”

“அண்ணையாலைதான் எண்டு ஆருக்கும் தெரியாது மச்சாள். வேறை ஆக்களும் தந்தவை. டொக்டரும் அதைத்தான் சொன்னவ.”

“ஓம் ஓம்,” என்றார். பிறகு அவர் முகத்தில் பழைய மச்சாள் எங்கிருந்தோ திரும்பி வந்தார். “அவர்தான் தந்ததெண்டால், செத்தும் உன்னை விடேல்லை. நான் குடுத்த குளிசையாலை அவரின்ரை கிருமியைக் காப்பாத்தியும் விட்டன். நல்ல புருசன் பெண்சாதி.”

அவர் சிரிக்கப் போய் அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தோளில் இருந்த பையைக் கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். எழும்பும்போது அவர் தானாகவே உள்ளே போய்த் தன் இரத்தத்தையும் சோதிக்கக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தக் கிழமைகளைப்போல நீண்ட கிழமைகள் எனக்கு இருந்ததில்லை. காஸ்ட்ரிக் குளிசையை நிறுத்தியதும் வயிற்றெரிவு பழையதைவிட மோசமாகத் திரும்பி வந்தது, ஓங்காளமும் வந்தது. இப்போது ஒவ்வொரு குளிசையையும் விழுங்கும்போது, ஏற்கனவே தப்பிவிட்ட கிருமிக்குத்தான் போடுகிறேனோ என்ற நினைப்பும் கூடவே இறங்கியது.

தாதி சொல்லித்தந்தபடி நேரத்தைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளி, குளிசையைப் பின்னேரச் சாப்பாட்டோடு போடப் பழகினேன். காலையில் வெறும் தேத்தண்ணியை விட்டேன். ஒரே முறையில் நிறையச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். உறைப்பைக் குறைத்தேன். தண்ணீர் கூடக் குடித்தேன். தலையிடி வந்தால் எதைப் போடலாம், எவ்வளவு போடலாம் என்று கேட்டு அந்த நம்பருக்கு எடுத்தேன். நான் எடுக்கவில்லை, மச்சாள் எடுத்தார். “ஹலோ, இவளுக்குக் கதைக்க வெக்கம், நான் கேக்கிறன்” என்று தொடங்கி, போனை என் காதில் வைத்து அமத்தினார். அடுத்த முறை நானே எடுத்தேன்.

முன்பு காஸ்ட்ரிக் குளிசை கொடுப்பதில் இருந்த பிடிவாதம் முழுவதும் இப்போது கொடுக்காமல் விடுவதில் போயிற்று. வாடியில் எனக்கு ஓங்காளம் வந்தால் பேக்கரியில் வாங்கிய ஒரு துண்டுப் பாணை நீட்டுவார். நான் களைத்தால் என் பக்கத்து வலையையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். இரண்டு பேரும் கையுறை போட்டுக்கொண்டோம். பின்னேரம் ஆனதும் நேரே குசினிக்குள் வந்து அரிசி வாளியைத் திறந்து போத்தலை எடுப்பார்.

“நான் உதுக்குள்ளை கை வைக்கமாட்டன் எண்டுதானே ஒளிச்சு வச்சனி? கள்ளி.”

நான் விழுங்கும்வரை நின்று பார்ப்பார். என் தொண்டையையே பார்ப்பார். ஆனால் அண்ணையின் இரத்தத்தைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பெருமை பேசவில்லை. அண்ணையின் குடியைப் பற்றியும் பேசவில்லை. ஒழுங்கையில் வேறு யாராவது பேச்செடுத்தால் எழும்பி வந்துவிடுவார்.

மச்சாளின் சோதனை முதலில் வந்தது. அவருக்குக் கிருமி இல்லை. என்னுடையது வர இன்னும் நாளாயிற்று. வந்தபோது டொக்டர் அதை இரண்டு முறை வாசித்தார். அந்த நேரத்துக்குள் நான் வலைக் கயிற்றைப் பிடிப்பதுபோல மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தேன்.

“கிருமி நல்லாக் குறைஞ்சிருக்கு, ஆனால் முழுக்கப் போகேல்லை. மிச்சத்தையும் ஒழுங்காப் போடுங்கோ. முடிச்சுப் பிறகு கொஞ்சக் காலம் விட்டுச் சோதிச்சால்தான் முடிவு.”

ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். பிறகு திரும்பவும் இருந்தேன். “நான் அந்தக் குளிசை போட்டதாலையோ முழுக்கப் போகேல்லை?” என்று கேட்டேன். டொக்டர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சிலருக்கு இந்த நேரத்தில் இப்படித்தான் இருக்கும் என்றார். அது எனக்குப் போதவில்லை. ஆனாலும் வாய்திறந்து கேட்டதே எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

கடைசிப் போத்தல் முடிந்த அன்று யாரும் ஒன்றும் கொண்டாடவில்லை. அரிசி வாளியில் அரிசி மட்டும் இருந்தது. தலையிடி மெல்ல மெல்ல விட்டது. சேற்று மணம் திரும்பவும் மணமில்லாமல் போயிற்று. உடம்பு சுகமாக இருந்ததுதான் இப்போது பயமாக இருந்தது. கிருமி இருந்தாலும் இப்படித்தான் இருக்கும், முன்பும் இத்தனை வருடம் ஒன்றும் தெரியாமல்தானே இருந்தது.

மாதங்கள் கழித்துக் கடைசிச் சோதனைக்குப் போனபோது மச்சாளும் வந்தார். டொக்டர் என் முகத்தைப் பார்த்ததும் முதலில் சிரித்துவிட்டார், பிறகுதான் சொன்னார். கிருமி இல்லை, இனி இந்த மருந்து வேண்டாம், ஈரலை மட்டும் இடைக்கிடை பார்த்துக்கொள்வோம் என்றார். மச்சாள் கைகளைக் கூப்பி மாதாவைக் கூப்பிட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓட்டோவில் வரும் வழியெல்லாம் ஓட்டோக்காரருக்கும் சொல்லிவிட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை வாடியில் எதிரெதிரே இருந்தோம். அவர் கதைக்காமல் நாலைந்து நண்டைக் கழற்றினார். மச்சாள் கதைக்காமல் இருப்பது அவ்வளவாகப் பழக்கம் இல்லாததால் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அப்ப இனி உனக்குள்ளை அவர் இல்லை, என்ன?” என்றார். என்னைப் பார்க்காமல் வலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு எப்போதும் வராது. அன்றைக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் காத்திருந்தார்.

“கிருமிதான் போயிட்டுது மச்சாள். அண்ணை தந்தது இருக்கு. அது இல்லாட்டி நான் அண்டைக்கே போயிருப்பன்.”

அவர் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு வலையின் என் பக்கத்தை என்னிடம் தள்ளிவிட்டார்.

“இனி உன்ரை பங்கை நீயே கழட்டு. சுகமாகிட்டாய்தானே. கையைப் பார், உது பெரிய நண்டு.”